இஞ்சுக்கு எட்டுத் தையல்

ஆறு நாளும் நான் குறை பார்ப்பவள்.
ஆம்பூர் ஷூ கம்பெனி, அப்பர் பிரிவு,
மூன்றாம் லைனில் கடைசி மேசை.
ட்யூப்லைட்டுக்கு அடியில் ஒவ்வொரு துண்டாய்த் திருப்பி
இஞ்சுக்கு எட்டுத் தையல் இருக்கிறதா,
ஊசி இரண்டு தரம் இறங்கிய ஓட்டை உண்டா என்று பார்த்து
சரியில்லையென்றால் வெள்ளிப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி.
பெருக்கல்காரி என்றுதான்
தில்ஷாத் என்னைக் கூப்பிடுவாள்.

ஏழாம் நாள் கேமரா.

குடியாத்தத்தில் ஒரு கல்யாண போட்டோகிராபர்
கடையை மூடும்போது விற்றது. நாலு தவணை.
இன்னும் அதன் வாரில்
யாரோ ஒரு மாப்பிள்ளையின் சந்தனம்.
ஜூம் பாதியில் சிக்கும்,
உள்ளங்கையால் தட்டினால் போகும்.
"இதுல என்னத்த எடுப்ப?" என்றார் வீட்டுக்காரர்.
பின்கதவைத் திறந்து காட்டினேன்.
எட்டிப் பார்த்துவிட்டு, "அங்க என்ன இருக்கு?" என்றார்.

துவைக்கிற கல். ஒரு நுணா மரம்.
கம்பி வேலியில் தானாய் ஏறிய சங்குப்பூ.
அதற்கப்பால் தண்டவாளம்.
வெளிச்சம் நன்றாக விழும் நேரமாய்ப் பார்த்து
பெங்களூர் வண்டி போகும்.
சுவர் அதிரும், பூ அதிரும், நான் அதிர்வேன்.
என்னிடம் சங்குப்பூ படம் பதினேழு இருக்கிறது.
பதினேழிலும் இருப்பது ரயில்தான்.

அப்புறம் ஒரு தேன்சிட்டு.
வெயில் பட்டால் ஊதா, படாவிட்டால் கரி.
நூறு தரம் எடுத்ததில் பாதி வால்,
மீதி, அது விட்டுப்போன காம்பின் ஆட்டம்.
"காலி செடிய ஏம்மா வச்சிருக்க,
கார்டு ஃபுல் ஆவுது" என்றான் பையன்.
அது எவ்வளவு கனம் என்று
அந்தக் காம்புக்குத்தான்டா தெரியும் என்று
சொல்ல வந்து சொல்லவில்லை.

ஆடியில் தையல்சிட்டு வந்தது.
நெற்றியில் துரு, தூக்கிய வால்,
உடம்புக்கு ஒவ்வாத சத்தம்.
நுணாவில் இரண்டு இலையை இழுத்து வைத்து
மூக்கால் குத்திக் குத்தி...
கல்மேல் குந்தி, மூச்சை அடக்கி, எடுத்தேன்.
நாலாம் ஞாயிறு இலைக்குள் மூன்று மஞ்சள் வாய்.
ஆறாம் ஞாயிறு யாருமில்லை.

அன்றைக்கு ராத்திரி
முதல் நாள் படத்தைப் பெரிதாக்கி,
பழக்கதோஷம், எண்ணினேன்.
இஞ்சுக்கு மூன்று. ஓரிடத்தில் இரண்டு.
கோடு நேராய்ப் போகவில்லை, ஓரம் போதாது,
ஒரு துளை சும்மா குத்தி விட்டது.
என் மேசைக்கு வந்திருந்தால்
யோசிக்காமல் பெருக்கல் குறி.
நடுவில் இரண்டு மழை அடித்து,
காற்றில் பக்கத்துக் கிளையே ஒடிந்து விழுந்தும்
அது பிரியவில்லை.

இன்னும் பெரிதாக்கினேன்.
சிலந்தி இழை, ஏதோ பஞ்சு,
புள்ளி புள்ளியாய் உடைகிற படத்தில்
ஒரு நூல் மட்டும் மினுங்கியது.
நைலான். நாற்பதாம் நம்பர். தேன் கலர்.
ஜெர்மனி ஆர்டருக்கு மட்டும் ஓட்டியது.

தினம் கேட்டில் பையைக் கொட்டிக் காட்டுகிறோம்.
டிபன் பாக்ஸைத் திறந்து காட்டுகிறோம்.
வேண்டாமணி ஒருமுறை கோபத்தில்
கொண்டையையே அவிழ்த்துக் காட்டினாள்.
இது மட்டும் என் நீலக் கோட்டில் ஒட்டிக்கொண்டு,
கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து,
துத்திப்பட்டு வளைவெல்லாம் திரும்பி,
துவைக்கிற கல்லில் சோப்பு நுரையோடு இறங்கியிருக்கிறது.

திங்கட்கிழமை மணி அடித்ததும்
எல்லாரையும் போல் கோட்டைத் தட்டினேன்,
தோளில் ஒன்றை மட்டும் விட்டுவைத்து.
செக்யூரிட்டி பையைப் பார்த்தார். டப்பாவைப் பார்த்தார்.
"தோள்ல நூலும்மா" என்று
நல்ல மனுஷர், அவரே கிள்ளி எடுத்து
ஊதிவிட்டார்.
எந்தப் பக்கம் போனதென்று பார்ப்பதற்குள்
பஸ் ஹாரன் அடித்தது.