பத்தி எண் பதினான்கு

போன மாசியில் சென்னையில்
பெட்டியைத் திறந்து வாசித்தபோது
அது கோடிகளில் இருந்தது.
கருவூலம் கருவூலமாக இறங்கி,
நாங்குநேரி தாண்டி,
பஸ் திரும்புகிற வேப்பமரமும் தாண்டி
வாகைப்பேரி நடுநிலைப் பள்ளிக்கு வந்து சேரும்போது
அதன் பெயர்
பிள்ளைக்கு நூறு கிராம் அரிசி.

நான் அந்த நூறு கிராமைப் பார்க்க வந்தவள்.
பாளையங்கோட்டை அலுவலகத்துத் தராசு,
இரண்டு சிவப்புப் பேனா,
வீட்டில் கட்டிய எலுமிச்சைச் சாதம்.
தணிக்கைக்குப் போன இடத்தில் கை நனைக்கக் கூடாது.

அமைப்பாளர் ஞானதீபம்
பதிவேடுகளைக் கட்டுப் பிரிக்காமல் மேசையில் வைத்தார்.
எல்லாம் சரியாக இருந்தது.
அதுதான் முதலில் உறுத்தியது.
மார்கழிக் கடைசியிலிருந்து பங்குனி வரை
அறுபத்தாறு வேலைநாள்.
தொண்ணூற்றாறு பிள்ளைகள், தொண்ணூற்றாறு தட்டு.
யாருக்கும் அம்மை போடவில்லை.
யார் வீட்டிலும் சடங்கு வைக்கவில்லை.
பங்குனி உத்திரத்துக்கு மறுநாள்,
சாஸ்தா கோயிலுக்குப் போன வேன்கள்
தேரிக்காட்டிலிருந்து திரும்பியிராத காலையிலும்
தொண்ணூற்றாறு.

"இதெல்லாம் எந்த ஊர்ப் பிள்ளைகள்?" என்றேன்.

ஞானதீபம் தரையைப் பார்த்தார்.
வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு
சமையல்காரி முப்பிடாதிதான் பேசினாள்:

"மார்கழியில குளம் உடைஞ்சுதுல்லா.
கீழத்தெரு மொத்தமும் இங்கனதான் கெடந்தாவ.
மூணு நாளு. நூத்தி எம்பது பேரு.
அதுல பிள்ளத்தாச்சி ரெண்டு.
தாசில்தார் ஜீப்பு மூலைக்கரைப்பட்டியிலயே நின்னுட்டு.
பூட்டுன ரூமுல அரிசி இருக்கு.
சாவி இவுககிட்ட இருக்கு.
நீங்களா இருந்தா என்ன செய்வீய?"

நான் என்ன செய்வேன் என்பதற்குப்
பதிவேட்டில் கட்டம் இல்லை.
வெள்ளத்துக்கு வேறு துறை, வேறு தலைப்பு.
அந்தத் தலைப்பில் வந்த பணம்
ஆண்டு முடியும் ராத்திரி
செலவாகாமல் சரண்டர் ஆயிற்று.

பொங்கிப் போட்ட அரிசி எண்பத்தாறு கிலோ.
வராத பிள்ளையை வந்ததாக எழுதி,
நாளைக்குச் சராசரி பதின்மூன்று பேர்,
அந்த அம்மாள் அதைக் கிராம் கிராமாக
அறைக்குத் திருப்பிக் கட்டியிருக்கிறார்.
பெருக்கிப் பார்த்தேன்.
இருநூறு கிராம் இடித்தது.
"அது வீட்லேர்ந்து கொண்டாந்து போட்டேன்"
என்றார் ஞானதீபம்.
அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

முந்தாநாள் இன்னொரு மையம்.
அங்கே வருகை ஏறியது, இறங்கியது,
எடை கச்சிதம்.
தடை எழுத ஒன்றுமில்லை.
சாம்பார் மட்டும் அண்டாவின் அடியைக் காட்டியது.
தண்ணீருக்கு இருப்புப் பதிவேடு கிடையாது.

எழுதினேன். அதற்குத்தானே சம்பளம்.
பத்தி எண் பதினான்கு:
விதிக்குப் புறம்பான வழங்கல், எண்பத்தாறு கிலோ.
மெய்யல்லாத வருகைப்பதிவு.
காலிச் சாக்கு பதினேழு குறைவு.
"பொறுப்பாளரிடம் பிடித்தம் செய்யலாம்"
என்ற அச்சு வரியை அடித்துவிட்டு
"தள்ளுபடிக்குப் பரிந்துரை" என்று மேலே எழுதினேன்.
அது இனி ஏழு மேசை ஏற வேண்டும்.
ஐந்தாவது மேசைக்காரரை எனக்குத் தெரியும்,
காற்புள்ளியைக்கூடத் தள்ளுபடி செய்யாதவர்.

வெயில் சாயக் கீழத்தெரு வழியே நடந்தேன்.
ஒரு சுவரில் சேறு ஏறிய கோடு இன்னும் இடுப்புயரத்தில்.
அதன் கீழே ஆட்டுக்கொட்டிலுக்கு மறைப்பாக
ஒரு சாக்கு,
அரசு முத்திரையின் கோபுரம் தலைகீழாக.
உள்ளே குட்டி ஒன்று
அதை மென்றுகொண்டிருந்தது.

நின்றேன்.
பையைத் திறந்து
பதினேழை அடித்துப் பதினாறு என்று திருத்தி
ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன்.
வேப்பமரத்தைச் சுற்றிக்கொண்டு
பஸ் வந்துவிட்டது.