இருக்கைக்கு அடியில் ஒரு சுவிட்ச்

அயோவாவில் மார்ச். ஷெட்டின் வடக்கு மூலையில்
இன்னும் அழுக்குப் பனி.
எண்பத்து நாலாம் வருஷத்துத் தோட்ட டிராக்டர்
மூடியைத் திறந்துகொண்டு நிற்கிறது,
பல் டாக்டரிடம் வந்ததுபோல.

வெர்லின் என் தம்பி. ஐம்பத்தாறு வயது.
"அரை இஞ்ச்" என்கிறான். தருகிறேன்.
"இதில்லை, அடுத்தது." தருகிறேன்.
அந்த நாற்பது ஏக்கரை என்னைக் கேட்காமல் விற்றதிலிருந்து
எங்களுக்குள் புழங்குவது
பெரும்பாலும் அளவுகள்தான்.

விசிறி உறைக்குள் எலிக்கூடு:
இளஞ்சிவப்புப் பஞ்சு, சோளத் தோகை,
விதைக் கம்பெனி காலண்டரிலிருந்து பாதி ஜூலை.
ஸ்க்ரூடிரைவரால் கிளறி எடுத்தேன்.
டாங்கில் பெட்ரோல் வார்னிஷாகி நாறியது.
கார்புரேட்டர் ஊசியைப் பல்லில் கவ்விக்கொண்டு
அவன் யோசித்தான்.
எட்டு வயதில் ஒரு காசை இப்படித்தான் விழுங்கினான்.
துப்பு என்று சொல்லவில்லை. கையை மட்டும் நீட்டினேன்.

ஒரே ஒரு நட்டுதான் வரமாட்டேன் என்றது.
எண்ணெய் விட்டோம். சூடு காட்டினோம். வைதோம்.
ஸ்பானரில் குழாயைச் செருகி
இருவரும் ஒரே பக்கமாய்த் தொங்கினோம்.
சட்டென்று விட்டுக்கொடுத்தது,
தரையில் உட்கார்ந்திருந்தோம்.
கொஞ்சம் கழித்து அவன் சிரித்தான்,
வேறெதையோ நினைத்துக்கொண்டதுபோல.

இந்த வண்டிக்கு ஒரு குணம் உண்டு:
இருக்கையில் ஆள் இல்லாவிட்டால் ஓடாது.
அடியில் ஒரு சுவிட்ச், எடை பார்க்கும்.
அதைப் பிடுங்கி ஒயரை முறுக்கிவிட
அவனுக்கு ஒரு நிமிஷம் ஆகாது.
"ஏறி உட்கார்" என்றான்.

இருமியது, செருமியது,
நீலப் புகை கக்கிப் பிடித்துக்கொண்டது.
தகரக் கூரை முழுக்க நடுங்கியது.
திருகாணியைக் கால் சுற்று திருப்பினான்,
பிறகு அதில் பாதி பின்னால்.
குனிந்தபடியே, என்னைப் பாராமல்,
ஏதோ சொன்னான்.
நீளமாகவே சொன்னான்.
அவ்வளவு நீளமான அளவு
எந்த ஸ்பானருக்கும் கிடையாது.

கேட்க எழுந்தேன்.
இஞ்சின் நின்றது.

பனி உருகி எங்கோ வாளியில் சொட்டுவது கேட்டது.
"என்ன சொன்னாய்?"
"ஒன்றுமில்லை. எழுந்திருக்காதே என்றேன்."

உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பினேன்.
அவன் மறுபடி குனிந்தான்,
ஏற்கனவே சரியாகிவிட்ட திருகாணியை
இன்னும் கொஞ்சம் திருக.