ஆறாம் நாள், இடது கால்

பேராதனையில் மழை.
முப்பத்தேழரைப் பாகையில்
அடைகாப்பான் முனகிக்கொண்டிருக்கிறது.
உள்ளே இருபத்தேழு முட்டைகள்,
பென்சிலால் எண் போட்டவை.
குண்டசாலையிலிருந்து மடியில் வைத்து
பஸ்ஸில் கொண்டுவந்தேன் முப்பதாக.
"கேக் அடிக்கவா மிஸ்?"
கொண்டக்டர் கேட்டான்.
ஓம் என்றேன். வேறென்ன சொல்ல.

ஓட்டில் ஒரு ஜன்னல் வெட்டினால்
சிவப்பு நரம்புகளின் நடுவே
பெருவிரல் நகமளவு உயிர்.
அதன் கால் இன்னும் காலில்லை,
துடுப்பு.
எங்கே விரல் வரும், எங்கே வராது என்று
யாரோ இரவோடிரவாகப் பேசி முடித்ததுபோல
மங்கலாய் நாலு கோடு.

வெள்ளிச் சாயம் ஏற்றினால்தான் தெரியும்:
கலங்களுக்கு நடுவில்,
கலங்களுக்கு வெளியில்,
நார்.
அதற்கு உயிரில்லை.
கலம் தானே கக்கிய இழை;
பிறகு அதையே பற்றி நடக்கிறது,
பனிமூட்டத்தில் வேலிக்கம்பி பிடித்து
சரிவிறங்குகிறவனைப் போல.
தோலை உள்ளுக்கும் உள்ளைத் தோலுக்குமாய்
இழுத்துக் கட்டியிருக்கிறது,
காற்றடிக்கும் மேட்டில் ஒரு கூடாரம்.

பாடநூலில் இதற்கு ஒரே வரி.
பெயர், கலப்புறம்.
புறம் என்று எழுதியதும்
கணக்கெடுப்பு முடிந்துவிடுகிறது.
எங்கள் லயத்துக்கும் இப்படி ஒரு சொல்
நாற்பத்தெட்டில்...
வேண்டாம்.
இது கோழியின் கால்.

மின்வெட்டு இரவில்
நெத்மினியும் நானும்
வெந்நீர்ப் போத்தல்களை மாற்றி மாற்றி
பெட்டிக்குள் வைத்தோம் விடியும்வரை.

பதினேழாம் முட்டை.
மூன்றாம் விரலுக்கும் நாலாம் விரலுக்கும் நடுவே
மயிரிழை அகலத்துக்குத் தோலை உரித்தேன்.
நார்கள் அறுந்து சுருண்டன.
சத்தம் கேட்டதுபோல இருந்தது.
சத்தம் இருக்க முடியாது.

அந்த இடம் சாக வேண்டிய இடம்.
அங்கே கலங்கள் செத்தால்தான்
விரலும் விரலும் பிரியும்.

ஒன்பதாம் நாள், நீலச் சாயத்தில்,
நெத்மினி எண்ணினாள்:
எக்க, தெக்க, துன, ஹதர,
நிறுத்தினாள்.
கண்ணாடியைத் துடைத்து
நுணுக்குக்காட்டியில் மறுபடி குனிந்தாள்.
பஹ.

கோழிக்கு ஏது ஐந்து?
சாக வேண்டிய இடத்தில்
ஒரு குருத்தெலும்பு, மூட்டும் வைத்து.

இத்தனை நாள் அந்த நார்
தாங்கிப் பிடித்ததா,
தடுத்துப் பிடித்ததா?
பிடி ஒன்றுதான்.
எந்தப் பக்கமிருந்து பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

குறிப்பேட்டில் எழுதினேன்:
மு. 17, இடது கால், மேலதிக விரல் ஒன்று.
கையுறையைக் கழற்றி
விளக்குக்கு நேரே கையை விரித்தேன்.
விரல்களின் சந்தில் வெளிச்சம்.
அங்கே இருந்தவர்கள் எப்போதோ போய்விட்டார்கள்,
நான் பேனா பிடிக்க.

எண் போடாத மூன்று முட்டையில்
நெத்மினி ஞாயிற்றுக்கிழமை கேக் அடித்தாள்.
நடுவில் கொஞ்சம் வேகவில்லை.
கொண்டக்டரிடம் சொன்னது
அப்படியொன்றும் பொய்யில்லை.