இரண்டரை கேன்

சனிக்கிழமை மூன்று மணிக்கு
ஞானஸ்நானத் தொட்டியின் மூடியைத் தூக்குகிறேன்.
தேக்கு. மழைக்காலத்தில் என் எடை இருக்கும்.
உள்ளே இரண்டு பல்லிமுட்டை,
போன மாதப் பிள்ளையின் சட்டையிலிருந்து ஒரு சரிகை நூல்.

எட்டுப் பட்டைக் கருங்கல்.
விளிம்பில் ஓரிடம் மட்டும்
எண்ணெய் பூசினாற்போல் மின்னும்:
பிள்ளை ஏந்துகிறவர்கள் முழங்கை ஊன்றுகிற இடம்.
சோப்பு ஆகாது, தேங்காய் நார் போதும் என்பார் சந்தியாகு.
அவருக்குக் காலை எடுத்த பிறகு
கோயில் சாவியும் நாரும் என்னிடம் வந்தன,
சம்பளம் பாதியாக.

உள்ளே, குறுக்கே ஒரு கல்வரம்பு.
அதனால் தொட்டி இரண்டு.

புது ஃபாதரைக் கேட்டேன்.
'இந்தப் பக்கம் மந்திரித்த தண்ணீர்.
அந்தப் பக்கம், தலையில் பட்டு விழுகிற தண்ணீர்.
ஓட்டை வழியாக மண்ணுக்குப் போய்விடும்.
சாக்கடையில் கலக்கக் கூடாதில்லையா.'
போனில் படமும் காட்டினார்:
இங்கிலாந்தில் ஏதோ கிராமத்துக் கோயில்,
எழுநூறு வருஷத் தொட்டியாம்.
அதில் வரம்பு இருந்ததா என்று பார்ப்பதற்குள்
அவர் கட்டைவிரல் மறைத்துக்கொண்டது.

எங்கள் தெருவில் அப்படிச் சொல்வதில்லை.
இந்தப் பக்கம் அவர்கள் பிள்ளைக்கு,
அந்தப் பக்கம் நம் பிள்ளைக்கு.

எது நிஜமோ.
கல்லில் எழுத்தில்லை.
பழைய பதிவேட்டைக் கரையான் தின்றது,
மேலத்தெருப் பக்கங்களையும் சேர்த்து.
ஓட்டை இருக்கிறது.
அது இரண்டு கதைக்கும் பொருந்துகிறது.

கோயில் போரில் தண்ணீர் மஞ்சளாக வரும்.
சிப்காட் காற்று அடித்தால் நாற்றம் வேறு.
அதனால் கேன். முப்பத்தைந்து ரூபாய்.
'சாமிக்கா, குடிக்கவா?' என்பார் ரியாசுதீன்.
சாமிக்கு என்றால்
லுங்கி நுனியால் மூடியைத் துடைத்துத் தருவார்.

ஒரு கேனுக்கு இந்தப் பக்கம் நிறையும்.
வழக்கம் அதோடு சரி.
போன சனிக்கிழமை மூன்று கேன் வாங்கினேன்.
கோயில் கணக்கில் ஒன்று, என் கணக்கில் இரண்டு.
ஓட்டையில் பழைய ரவிக்கைத் துணியை அடைத்தேன்.
இரண்டாவது கேன் அந்தப் பக்கம்.
மூன்றாவதில் பாதி ஊற்றும்போது
வரம்பு நனைந்தது, கறுத்தது,
பிறகு காணோம்.

ஏன் செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
மறுநாள் டென்சிங், புளோரிதா பிள்ளைக்கு ஞானஸ்நானம்.
அவன் எங்கள் தெரு. அவள் மேலத்தெரு.
முதுநகர் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம்.
கோயில் முழுக்கக் காலி பெஞ்சு,
சுவரோரம் அவளுடைய ஆஸ்பத்திரி சிநேகிதிகள் மூன்று பேர்,
யாரும் கிறிஸ்தவர்கள் இல்லை.
ஞானத்தாயாக நிற்க வேண்டியவள்
நெல்லிக்குப்பம் பஸ்ஸில் எங்கேயோ.

ஃபாதர் மணி பார்த்தார். பத்தரைக்கு அடுத்த பூசை.
சுற்றிப் பார்த்தார்.
துடைப்பத்தோடு நான் நின்றேன்.

'உங்கள் பெயர் என்னம்மா?'
எட்டு மாதமாக அவர் கூப்பிட்டது 'ஏம்மா' என்று.
செங்கோல்மேரி, என்றேன்.
எழுதினார். ஒற்று விட்டுவிட்டார். நான் சொல்லவில்லை.

பிள்ளையை வாங்கினேன்.
மின்னுகிற இடத்தில் என் முழங்கை
அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது.
பசாசை விட்டுவிடுகிறாயா?
விட்டுவிடுகிறேன்.
தண்ணீர் நெற்றியில் பட்டதும் பிள்ளை மூச்சை இழுத்து,
அழாமல்,
என் சேலையில் ஒன்றுக்குப் போனாள்.
ஃபாதர் தண்ணீரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.
'நிறைய ஊற்றியிருக்கிறீர்கள்' என்றார்.
ஆமாம் ஃபாதர்.

எல்லாரும் போன பிறகு துணியை உருவினேன்.
அந்தப் பக்கம் இறங்கியது, சலசலவென்று.
வரம்பு எழுந்து நின்றது,
ஈரத்தில் முன்னைவிடக் கறுப்பாக.
இந்தப் பக்கம் தண்ணீர் அசையாமல் இருந்தது.

மிச்ச அரை கேனை வீட்டுக்குத் தூக்கிப் போனேன்.
ரசத்துக்கு ஆச்சு.

வாசலில் அப்போதுதான் ஆட்டோ வந்து நின்றது.
இறங்கியவள் கையில் கொலுசுப் பெட்டி.
'முடிஞ்சிடுச்சாக்கா?' என்றாள், மூச்சு வாங்க.
அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு
கேனை இடுப்பு மாற்றினேன்.