நான்கு காது

பாலத்துக்குக் கண் உண்டு, எல்லாருக்கும் தெரியும்.
செல்லூர்க் கரையிலிருந்து எண்ணினால் பதினொன்று.
காதுதான் இல்லை.
கிரீஸ் தடவி, காந்தம் வைத்து
ஐந்தாம் கண்ணின் அடியில் நான்கு ஒட்டினேன்.

கேட்கிறதா என்று பார்க்க
இரும்பின் மேல் பென்சில் முனையை ஒடிக்க வேண்டும்.
டிக்.
திரையில் ஒரு கோடு துள்ளி அடங்கும்.
"பென்சில் ஒடிக்கவாம்மா சென்னையிலேர்ந்து வந்தீக?"
சாரத்துக்குக் கீழே கீமேன் ஒச்சப்பன்.
ஆமாம் என்றேன்.
நாற்பது முறை ஒடித்தேன்.

பிறகு மூன்று ராத்திரி.
எத்தனை சத்தம் இந்த இரும்புக்குள்!
வெயில் இறங்கியதும் தகடு சுருங்குவது,
துரு உதிர்வது, புறா நகம்,
தளர்ந்த ரிவெட் தன் துளைக்குள்ளேயே அரைபடுவது,
வறண்ட வைகையிலிருந்து ஏறும் மணல்.
எல்லாவற்றையும் தள்ளினேன்,
ஒரு கல்லுக்காக
மூட்டை அரிசியைக் கொட்டுகிறவளாக.

மிஞ்சியது ஒன்று.
நிறை சுமையோடு சரக்கு வண்டி ஏறும்போது மட்டும்
இரண்டாம் காதுக்கும் மூன்றாம் காதுக்கும் நடுவே
டிக்.
நான் ஒடிக்கவில்லை.

வண்டி போனதும் வாயை மூடிக்கொள்கிறது.
பகலில் டார்ச்சோடு வந்தவர்கள்
பெயிண்ட் நன்றாக இருக்கிறது என்று எழுதிப்போனது
அதனால்தான்.
பாரம் ஏறினால் மட்டும் பேசுகிற சிலரை எனக்குத் தெரியும்.
அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

"இரும்புக்கும் அலுக்குமா?"
ஒரே அடியில் அலுக்காது, அண்ணே.
வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து
கோடித் தடவை.
ஒச்சப்பன் ஒன்றும் சொல்லாமல்
வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

காந்தப் பொடி தூவியதும் தெரிந்தது:
ரிவெட் ஓரத்தில் தொடங்கி
கட்டைவிரல் நகத்தளவு, மயிரிழை.
மருந்து, ஓர் ஓட்டை.
நுனி முடிகிற இடத்திலேயே துளைக்க வேண்டும்.
கூராக வந்தது வட்டத்துக்குள் விழுந்து
எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கும்.
கொஞ்ச காலம். அதற்குள்
புதுத் தகடு வந்தாக வேண்டும்.
"கிழிசலுக்கு ஓட்டை போட்டா தைப்பீக?"
அவர் நம்பவில்லை. எனக்கும்
முதல்முறை படித்தபோது சிரிப்புதான் வந்தது.

நான்காம் ராத்திரி, இரண்டு நாற்பது.
நிலக்கரி வண்டி.
ஐம்பத்தெட்டுப் பெட்டி, ஒவ்வொன்றாக
என் தலைக்கு மேல்.
புறா. துரு. மணல்.
அந்த இடத்தில் ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்பதை எப்படி நம்புவது?
சாரத்தில் ஏறிப் போய்
ஒரு முனையை ஒடித்தேன்.
டிக்.

காது சரியாகத்தான் இருக்கிறது.