பதினாலாம் லாக்கர்

ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் கழற்றித் தருவதை
எழுதி வாங்கி உள்ளே வைப்பது என் வேலை.
தாலி, பல்செட், பூணூலில் முடிந்த பீரோ சாவி,
ஒரு தடவை ஒரு கிளி ஜோசியக்காரரின்
சீட்டுக்கட்டு, கிளி இல்லாமல்.

அன்று இரண்டு கடிகாரங்கள்.
இரண்டும் சாவி கொடுக்கிற ஜாதி.
படிவத்தில் "கைக்கடிகாரம் 1" என எழுதத்தான் இடம்.
விலை கேட்டதும் என் பேனா நின்றது.
அந்தக் காசுக்குச் சத்துவாச்சாரியில்
கிணற்றோடு ஒரு மனை வரும்.

பேர்ணாம்பட்டு தப்ரேஸ் சாகிபுடையது
இரண்டு கண். பாலாடை நிற முகம்.
இடது கண்ணில் நொடி,
வலது கண்ணில் முப்பது நிமிடம்,
மற்றதெல்லாம் வெறும் இடம்.
"அந்த வெறும் இடத்துக்குத்தாம்மா துட்டு" என்றார்.
விளிம்பில் மெல்லிய சிவப்பில் நாடிக் கணக்கு:
முப்பது துடிப்பு எண்ணி நிறுத்தினால்
முள் நிற்கிற எண்ணே நாடி.
குமிழை அமுக்கினால்
ஊறிய பாதாமின் தோல் போல வழுக்கிப் போகும்.

சிலிகுரி பரிதோஷ் சன்யாலுடையது மூன்று கண்.
கரிச்சட்டியில் மூன்று இட்லி.
விளிம்பில் வேகக் கணக்கு:
ஒரு கிலோமீட்டர் ஓடிய நொடியை வைத்து
வண்டியின் வேகம் சொல்லுமாம்.
அறுபதுக்குக் கீழே எண்ணே இல்லை.
வரைந்தவன் கிரீன் சர்க்கிளில்
பாகாயம் பஸ் படுகிற பாட்டைப் பார்த்ததில்லை.
குமிழ் முரடு.
நகம் வெளுக்க அமுக்கினால்தான் டக்.

சாகிப் தோல்காரர்.
சன்யாலின் கடிகாரத்தில் முகத்தை அவர் பார்க்கவே இல்லை,
வாரை எடுத்து மோந்தார்.
"ஆட்டுத்தோல். நம்ம பாலாத்தைக் குடிச்ச தோல்தான்.
இத்தாலி போயி பேரை மாத்திக்கினு வந்திருக்குது."
சன்யாலுக்குத் தமிழ் தெரியாது.
சிரித்தார்.
மறுநாள் இரண்டு பேருக்கும் நெஞ்சைத் திறக்க இருந்தது.

என்னைக் கேட்டால் இரண்டு கண்தான் அழகு.
யாரும் கேட்கவில்லை.

காலை ஆறு நாற்பதுக்கு
இரண்டு டிராலிகளும் ஒரே லிஃப்டுக்குக் காத்திருந்தன.
சன்யாலின் மனைவி கேதகி என் ஜன்னலுக்கு வந்து
கட்டைவிரலால் காற்றை அமுக்கிக் காட்டினாள்.
விதியில் இல்லை.
அமுக்கினேன்.
ஓரவஞ்சனை வேண்டாமென்று சாகிபுடையதையும்.

பதினொன்று ஐம்பத்திரண்டு. வெளியே கத்திரி வெயில்,
கோட்டை மதில் பக்கம் ஒரு குருவி இல்லை.
கேதகி மறுபடி வந்தாள். டிராயரைத் திறந்தேன்.
மூன்றாம் கண் ஒளிக்கத் தெரியாதது:
ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம்.
நேற்று வரை நான் மெச்சிய இரண்டு கண்ணோ
பன்னிரண்டு நிமிடம் என்றது.
எத்தனையாவது பன்னிரண்டு?
அதற்குத் தெரியாது.
அரை மணிக்கு ஒரு தடவை துடைத்துவிட்டு
இப்போதுதான் கதவு மூடினாற்போல் தொடங்குகிறது.
இவ்வளவு விலையில் இப்படி ஒரு மறதியா
என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கேதகி தன் கணவனுடையதைக் கவிழ்த்து வைத்தாள்.
சாகிபுடையதைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.
பதின்மூன்று ஆனது, பதினான்கு ஆனது.
அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.
நான் டோக்கன் கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

ஒன்பதாம் நாள் திறந்தபோது
இரண்டும் நின்று போயிருந்தன, வேறு வேறு நேரத்தில்.
சாகிப் லுங்கியோடு வந்து கையெழுத்துப் போட்டார்.
பின்னால் சக்கர நாற்காலியில் சன்யால்.
மணிக்கட்டு இளைத்திருந்தது.
வாரின் கடைசி ஓட்டையில் மாட்டியும்
கடிகாரம் முழங்கை வரை ஓடியது.

என் பஞ்சிங் மெஷினை நீட்டினேன்.
"அது காயிதத்துக்கும்மா" என்று தள்ளிவிட்டு
மகனை மண்டித் தெருவுக்கு அனுப்பினார்
ஒரு குத்தூசி வாங்கிவர.
அது வரும்வரை
இருவரும் ஆளுக்கொன்றுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.
கை மாறியிருந்ததை
நானும் சொல்லவில்லை.