மதகு மூடும் நேரம்

தைபேயில் ஆற்றைப் பார்க்க வேண்டுமானால்
முதலில் சுவரில் ஒரு கதவைத் தேட வேண்டும்.
நாலாள் உயரக் கான்கிரீட். அதற்கு அப்பால்தான்
நகரம் தன் தண்ணீரை ஒளித்து வைத்திருக்கிறது.

வாரத்தில் ஆறு நாள் நான் மேலே கீழே போகிறவன்,
லிஃப்ட் பழுது பார்ப்பவன்.
பதினேழாம் மாடி, தரைத்தளம், மறுபடி பதினேழு.
இந்த ஊர் எனக்கு நெட்டுக்குத்தாகத்தான் பழக்கம்.
ஞாயிறு மட்டும் கிடைவாக்கில்.

வாடகைச் சைக்கிள். சீட் இடப்பக்கம் சரிந்தது.
மணியை அழுத்தினால் இருமியது.
கீலுங் ஆற்றோடு போனேன்.
பாலத்தடியில் ஒருவர் சாக்ஸபோன் பழகிக்கொண்டிருந்தார்,
ஒரே வரி, ஒரே இடத்தில் ஒரே தவறு,
லாரிகள் மேலே தாளம் தட்ட.
திடீரென்று தலைக்கு மேல் ஒரு விமானத்தின் வயிறு.
குனிந்தேன், வெட்கமில்லாமல்.
கரையில் நின்ற கொக்கு குனியவில்லை.

அப்புறம் ஒலிபெருக்கி வண்டி வந்தது:
புயல் எச்சரிக்கை. நான்கு மணிக்கு மதகுகள் மூடப்படும்.
ஒரு சொட்டு மழை இல்லை.
வானம் மட்டும் பழுத்த கொய்யாவின் நிறம்.
கரையோரம் நிறுத்தியிருந்த கார்கள்
வரிசை பிடித்து ஊர்ந்து ஏறின.

நானும் திரும்பினேன். வழியில், சரிவில்,
கைக்குட்டை அகலத் தோட்டத்தில் ஒரு பெண்
சர்க்கரைவள்ளிக் கீரையைக் கொத்துக் கொத்தாய்ப் பிடுங்கினாள்.
"உன் கூடை காலியாகத்தானே இருக்கிறது?"
பெயர் ஷூ-ஜென் என்றாள், மூன்றாவது கட்டைத் திணித்தபோது.
"ஆற்றுக்குக் கொடுப்பதற்கு உனக்குக் கொடுக்கலாம்."

மூன்று ஐம்பத்தெட்டு. கீரை என் பார்வையை மறைக்க,
அவள் பின்னால் ஒற்றைச் செருப்போடு ஓடிவர,
இரும்புக் கதவு பாதி நகர்ந்திருந்தது.
பொத்தானருகே மழைக்கோட்டுப் பணியாளர்
எங்களைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு பொத்தானிலிருந்து விரலை எடுத்தார்.

அந்த விரலை எனக்குத் தெரியும்.
மளிகைப் பையோடு யாரோ தாழ்வாரத்தில் ஓடிவரும்போது
கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் என் விரல்.

உள்ளே வந்தோம். கதவு பெருமூச்சு விட்டு மூடியது.
அவள் செருப்பு ஒன்று அந்தப் பக்கம்.

இரவு பூண்டு தட்டிப் போட்டுக் கீரை வதக்கினேன்.
கொஞ்சம் மண் கடிபட்டது.
ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது.
ஒன்பதரைக்குத் தொலைபேசி:
லிஃப்ட் குழியில் தண்ணீர், உடனே வா.

மழைத் தண்ணீர்தான், ஆறு இல்லை என்றார் காவலாளி.
டார்ச்சை உள்ளே அடித்துப் பார்த்தேன்.
செருப்பு எதுவும் மிதக்கவில்லை.